தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு மாஸ்டர் சிலிண்டர்

தேர்த் திருவிழா என்றவுடன் அன்பர்களின் மனத்தில் முதலில் தோன்றுவது வடம்தான். அதைத் தொட்டாலே புண்ணியம் என்று முண்டியடிக்கும் கூட்டத்தில், சக்கரத்தோரம் குனிந்தபடியே நடந்துவரும் சிலரை எவரும் கவனிப்பதில்லை. உருளும் சக்கரத்தின் முன்னே கணக்காக முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புபவர்கள் அவர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துபவர்களும் அவர்களே. பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பது வசையாகிவிட்டது. தேரடியில் நின்று பார்த்தவர்கள் அச்சொல்லை அவ்வளவு எளிதாக வசையாக வழங்கமாட்டார்கள்.

பல ஆண்டுகள் ஓடாதிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. திருச்சி பெல் தொழிற்சாலையார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் செய்தளித்தார்கள்; திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் அத்தேரில் இடம்பெற்றது. அத்துணைப் பெரிய தேரை நிறுத்தத் துணைபுரியும் அதே தத்துவம்தான், வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடரிலும் இருக்கிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். ஓட்டுபவர் காலால் மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை முதலில் ஏற்பது மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு குழல். அதிலுள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைக் குழாய்களின் வழியே தள்ள, நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறு சிலிண்டர்கள் விரிந்து பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்துகின்றன. பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே அறைதான். அது கைவிட்டால் நான்கும் கைவிடும். மிஞ்சுவது கம்பியால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள குடிகாட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஆலை ஒன்றில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்கழித் திருவாதிரையை ஒட்டி, தேர் நாளன்று மனைவியுடன் தம் அம்பாசிடரிலேயே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய், மறுநாள் ஆருத்ரா தரிசனமும் கண்டு திரும்புவது பல்லாண்டு வழக்கம். கருவறையில் அருளும் மூலமூர்த்தியே வீதிக்கு எழுந்தருளும் தலமாயிற்றே. அந்த இரண்டு நாட்களை அவர்கள் எதற்காகவும் விட்டதில்லை.

புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே வண்டியைச் சோதித்துவிடுவார். இன்ஜினை ஓடவிடாமல் பிரேக் மிதியை அழுத்தி, ‘நமசிவாய’ என்று பன்னிரண்டு முறை சொல்லும்வரை காலை எடுக்கமாட்டார். அவ்வாண்டு ஐந்தாம் முறை சொல்வதற்குள் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. கிண்ணத்தில் ஆயில் குறையவில்லை. சக்கரங்களின் உட்புறத்திலோ குழாய் மூட்டுகளிலோ ஈரமும் இல்லை. ஆயில் வெளியே கசியாமல், சிலிண்டருக்குள்ளேயே தேய்ந்த ரப்பர் வாஷரைத் தாண்டிப் பின்னுக்கு வழிகிறது என்பது அவருக்கு உடனே விளங்கியது.

இந்தக் கோளாறின் வஞ்சகம் இதுதான்: வேகமாக இரண்டு முறை மிதித்தால் பிரேக் பிடிக்கும். அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவோர் உண்டு. வண்டி வாங்கிய அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம், ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டுகிறோம். பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான். “அப்பா, டாக்ஸி வெச்சுக்கிட்டுப் போங்க. இந்த வயசுல அந்த வண்டிக்கடியில நீங்க படுக்கணுமா?” அவன் கேட்டதில் தவறில்லை. பெரியவர் அதற்கு மறுமொழி சொல்லாமல், உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினார். உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தேடினால் புதிய சிலிண்டர் அகப்படும். நண்பர் ஒருவர் புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்றார். கண்ணாடி, கைப்பிடி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். உயிரைத் தாங்கும் பாகத்தை அப்படி வாங்குவது சிக்கனமாகாது என்று அவர் மறுத்துவிட்டார்.

ரப்பர் வாஷரை மட்டும் மாற்றினால் போதாதா என்றும் சிலர் கேட்டார்கள். சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் போதும். ஆனால் பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3 வகைப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவி உண்டாகும். மிதித்தால் அந்த ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. உப்பங்காற்று வீசும் கடலோர ஊரில் அந்த ஈரம் இரும்பையும் விடுவதில்லை. பழைய சிலிண்டரைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது, பிஸ்டன் ஓடும் சுவரில் அம்மைத் தழும்புபோலத் துருப்புள்ளிகள். அதன்மேல் புது வாஷர் எத்தனை நாள் தாங்கும்?

வேலை நடந்தது வாசல் தரையில். தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார். ஜாக்கியால் தூக்கியபின் அதை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளையும் கொடுத்தார். துருவேறிய குழாய் நட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். அவசரப்பட்டு ஸ்பானரைத் திருகினால் நட்டின் முனை மழுங்கி, குழாயையே மாற்ற நேரிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்திருந்தார். சிந்திய இடத்தை உடனே கழுவினார். புதுச் சிலிண்டரைப் பொருத்தி, மிதியின் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிதளவு இடைவெளி இருக்குமாறு திருகி அமைத்தார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்ப வழியின்றி, காலை எடுத்த பின்னும் பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

எஞ்சியது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அது ஒருவரால் ஆகக்கூடியதன்று. மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தின் நிப்பிளில் பெரியவர் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் அமிழ்த்தினார்.

“மிதி.”

“மிதிச்சுட்டேங்க.”

“அப்படியே பிடிச்சுக்கோ, நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதே.”

நிப்பிளைச் சற்றே தளர்த்தியதும் பாட்டிலுக்குள் குமிழிகள் கொப்பளித்தன. மூடினார், மிதியை விடச் சொன்னார், மீண்டும் அதுவே. மூட்டுவலிக்காரரான அம்மையார் ஒருமுறை சற்று முன்னதாகக் காலை எடுத்துவிட, காற்று திரும்பவும் உள்ளே ஏறிவிட்டது. அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பெரியவர் கடிந்துகொள்ளவில்லை, எழுந்து போய்க் கிண்ணத்தில் ஆயில் நிரப்பிவிட்டு வந்தார். அது வற்றினால் மேலிருந்தும் காற்று புகுந்துவிடும். மூன்றாம் சக்கரத்தின்போது அம்மையார் கேட்டார்: “இத்தனை காத்தை நம்பியாங்க இவ்வளவு நாளா சிதம்பரம் போயிட்டு வந்தோம்?”

“இந்தக் காத்து இப்போ கழட்டினதால வந்தது. அப்போ உள்ளே இருந்தது தேஞ்ச வாஷர்.”

“ரெண்டுல எது மோசம்?”

“வாஷர்தான். காத்து இருந்தா மிதிக்கும்போதே கால்ல தெரிஞ்சுடும்.”

நான்கு சக்கரங்களும் முடிய மாலையாகிவிட்டது. மிதி கல்லைப் போல நின்றது. பன்னிரண்டு முறை பஞ்சாட்சரம் சொல்லியும் அசையவில்லை. ஆயினும் அன்று அவர் வண்டியை எடுக்கவில்லை. மறுநாள் காலை மூட்டுகளில் துணி வைத்துத் துடைத்து ஈரமில்லை என்று கண்டபின், தெருவில் நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தார். கைப்பிரேக்கைத் தனியே சோதித்தார். கடலூரில் தொழிலறிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, அவரையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கையில் எத்தனை ஆண்டுத் தேர்ச்சி இருந்தாலும், தன் வேலையை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டாமல் மனைவியை ஏற்றிச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை. இக்காரியத்தை வீட்டில் செய்ய நினைப்போர், பிட்டர் வேலை அறிந்தவராயினும் இந்த ஒரு படியைத் தாண்டக் கூடாது.

பாட்டிலில் சேர்ந்திருந்த ஆயில் பழுப்பேறிக் கலங்கிக் கிடந்தது. அதைத் திரும்ப ஊற்றவும் கூடாது, கிணற்றடியில் கொட்டவும் கூடாது; மூடி போட்டு, கழிவு எண்ணெய் எடுத்துச் செல்பவருக்கென்று தனியே வைத்தார். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியாக வேண்டுமாதலால், கிண்ணத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி அன்றைய தேதியை எழுதினார். அம்மையார் அதே தேதியைப் பூஜையறை நாட்காட்டியின் பின்புறத்திலும் எழுதிவைத்துவிட்டு, சிதம்பரத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய வில்வத்துக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவைக்கக் கிளம்பினார்.