சாக்கு மூட்டை யாத்திரை

வெள்ளி ராத்திரி சென்னையில் பஸ் ஏறினால், திங்கள் காலை ஆபீஸில் ஆஜர். நடுவில் வெள்ளியங்கிரி!

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரம். பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுவார்கள். மொத்தம் 7 மலை. கையில் மூங்கில் தடி, தோளில் காலிச் சாக்கு. பக்தர்கள் வீசிய பாட்டில், பாலிதீனைப் பொறுக்குவது எங்கள் கோஷ்டியின் வேலை. யானை நடமாடும் காடு சார்! உப்பு ருசி ஒட்டிய பாலிதீன் பையை யானை அப்படியே தின்றுவிடும்.

எதிரே இறங்கி வந்த பெரியவர், "ஏனுங் தம்பி, இதுக்கு என்ன சம்பளமுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

ஒரு நிமிஷம் பார்த்தார். வீசப்போன பாட்டிலைச் சாக்கில் போட்டார்.

போன மாசம் ஆபீஸில் எத்தனை ஃபைல் நகர்த்தினேன்? ஞாபகமில்லை. மலையிலிருந்து இறக்கியது எத்தனை மூட்டை? என் முழங்காலைக் கேளுங்கள், கரெக்டாகச் சொல்லும்!