பனிச் சாலையும் ஒரு கணக்கும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கவிதைப் பெட்டி நிரம்பிவிட்டது, கட்டுரை இருந்தால் கொடு என்றார். எனக்குத் தெரிந்த கட்டுரை ஒன்றுதான். அது என் அப்பாவைப் பற்றியது, ஐஸைப் பற்றியது.

நாமக்கல் பக்கம் ஐஸுக்கு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நம் ஊர் பைபாஸில் நின்று வடக்கே பாருங்கள். அது தேசிய நெடுஞ்சாலை 44. கன்னியாகுமரியில் முடிகிற அந்த ரோடு தொடங்குவது ஸ்ரீநகரில். மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிக்காரர்களுக்கு அது ஒரே தெரு மாதிரி. தேங்காய் ஏற்றிக்கொண்டு ஜம்மு போவார்கள், ஆப்பிள் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு வருவார்கள். என் அப்பா அப்படிப் பதினாறு வருஷம் ஓட்டியவர். எட்டாவது பாஸ். எங்கள் வீட்டில் எட்டாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

சின்ன வயதில் அப்பா ட்ரிப் முடிந்து வந்தால் எங்களுக்குக் கதைதான். அங்கே டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைக்கு 'சில்லாய் கலான்' என்று பெயர், கடுங்குளிர்க் காலம். டீசல் டேங்குக்குள்ளேயே மெழுகு மாதிரி கட்டிப்போகும். ராத்திரி எஞ்சினை அணைக்காமல் விட்டுவிடுவார்கள். அணைத்துவிட்டால் காலையில் டேங்குக்கு அடியில் துணிப்பந்தம் கொளுத்திக் காட்ட வேண்டும். (டேங்குக்கு அடியில் நெருப்பு! நம் பாலிடெக்னிக் லேபில் இதைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.) பிரேக்குக்குப் போகிற காற்று டேங்கில் ஈரம் சேர்ந்து உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். அதனால் தினமும் டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். ரோடு அடைத்தால் காசிகுண்டில் நாலு நாள், அஞ்சு நாள் வரிசையில் நிற்க வேண்டும். மங்கி கேப்பும் இரண்டு லுங்கியும் கட்டிக்கொண்டு ஸ்டவ்வில் ரசம் வைத்துக் குடித்தால்தான் உயிரே திரும்பி வரும் என்பார்.

எல்லாவற்றிலும் மோசமானது கண்ணாடி ஐஸ் என்பார். வெள்ளையாகக் கிடக்கும் பனி கண்ணுக்குத் தெரியும், பயப்படலாம். பகலில் உருகிய தண்ணீர் சாயங்காலம் தார் மேல் மெல்லிசாக உறைந்துகொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாது. ரோடு நனைந்த மாதிரிதான் இருக்கும். "பாம்பு கூட சத்தம் போடும் கண்ணு, அது போடாது."

2019 ஜனவரியில் அந்தக் கதைகள் நின்றுபோயின.

புல்வாமா மாவட்டம் லாசிபோராவில் ஆப்பிள் வைக்கும் பெரிய குளிர்கிடங்குகள் இருக்கின்றன. அங்கே லோடு ஏற்றிக்கொண்டு ஜம்மு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூட இரண்டாவது டிரைவராக எங்கள் மாமா. சொந்த மாமா இல்லை, அடுத்த தெரு. ஆனால் பிறந்ததிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்போது இப்போதுள்ள எட்டரை கிலோமீட்டர் நவயுக் சுரங்கம் கிடையாது. அது 2021 ஆகஸ்டில்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. எல்லா வண்டியும் மேலே ஏறி, 1956ல் திறந்த ஜவஹர் சுரங்கத்தைத் தாண்டித்தான் பனிஹாலுக்கு இறங்க வேண்டும். சுரங்கத்துக்குப் பக்கத்தில் சைத்தான் நல்லா என்று ஒரு ஓடை. வழுக்கலுக்குப் பேர்போன இடம், பெயரே போதும்.

அந்தச் சரிவில் ஒரு வளைவு திரும்பியதும் டேங்கர் ஒன்று நின்றிருக்கிறது. அப்பா பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் வீசி, வண்டி குறுக்கே சறுக்கி, கேபினின் இடது பக்கம் டேங்கரில் போய் மோதியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் மாமா. ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்து தகரத்தை நெம்பி எடுத்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் அப்பாவை ஒன்பது நாள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். அவர் கொடுத்த காங்ரி, அதாவது பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்த கணப்பு, இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மா அதில் சில்லறைக் காசு போட்டு வைக்கிறார்.

மாமாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விபத்து என்றால் அந்த நிமிஷத்தோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். அப்பா வரும்போது மடியில் ஒரு காகிதம் இருந்தது. உருதுவில் எழுதிய எஃப்.ஐ.ஆர். அந்தக் காலத்தில் அங்கே நடப்பில் இருந்தது இந்திய தண்டனைச் சட்டம் இல்லை, ரன்பீர் தண்டனைச் சட்டம். 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு அது போய்விட்டது. வீட்டில் யாருக்கும் அந்தக் காகிதத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. மசூதித் தெரு பாய் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துச் சொன்னார்: "தேஜ் ரஃப்தாரி, லாபர்வாஹி." நம் ஊர் ஸ்டேஷனில் எழுதுகிற 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற அதே வரிதான். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளியும் டிரைவருக்கு எழுதுகிற வாசகம் மாறவில்லை.

வாய்தாவுக்கு நேரில் போக வேண்டும். சேலத்தில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஜம்மு போய்ச் சேர மூன்று நாள். அதுவும் வாரத்துக்கு ஒரு வண்டி. அங்கிருந்து பஸ். 2019 ஆகஸ்டில் அங்கே போன் எல்லாம் நிறுத்தப்பட்டதும் வக்கீலிடம் பேசவே வழியில்லை. அடுத்த வருஷம் கொரோனா. கடைசியில் 2022ல் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தார். "போற செலவுக்கு அபராதம் மேலு" என்றார் அம்மா. தோட்டை விற்றுத்தான் போனார்.

மாமாவின் கதை வேறு. தொழிலாளர் இழப்பீட்டுக்கு மனுப் போட்டார். சம்பளத்துக்குச் சீட்டு எங்கே என்று கேட்டது இன்சூரன்ஸ் கம்பெனி. ட்ரிப் கூலியும் பேட்டாவும் கையில் வாங்குகிறவருக்குச் சீட்டு ஏது? அப்போது சட்டப்படி எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் கணக்குக்கு மாதம் 8,000 ரூபாய்தான். 2020 ஜனவரியில்தான் அதை 15,000 ஆக்கினார்கள். மாமாவுக்கு விபத்தன்று நாற்பது வயது. 8,000ல் நூற்றுக்கு அறுபது, 4,800. அதை நாற்பது வயதுக்கு உரிய 184.17ஆல் பெருக்கினால் 8,84,016. முழங்காலுக்குக் கீழே கால் போனால் ஐம்பது சதம்தான் இழப்பு என்று அட்டவணை சொல்கிறது, ஆகவே பாதி கொடுத்தால் போதும் என்றார்கள். கால் இல்லாதவர் கிளட்சை, பிரேக்கை எதால் மிதிப்பார்? அவருக்கு நூறு சதமும் போச்சு என்று வாதாடினார் வக்கீல். கை போன தச்சர் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் அப்படி முழுதாகக் கொடுத்த தீர்ப்பு உண்டாம். மாமாவுக்கும் முழுதாக வந்தது, ஆனால் நாலு வருஷம் கழித்து.

அந்த நாலு வருஷமும் மாமா பையனும் நானும் ஒரே வகுப்பு. அவன் என்னோடு பேசவில்லை. பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அவன் எல்லோர் முன்னாலும் ஏதோ சொல்லிவிட்டான். நான் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்: "மெதுவா ஓட்டியிருந்தா மாமாவுக்குக் கால் இருந்திருக்குமில்லீங்களா?"

அப்பா கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. 'இருபதுலதாண்டா வந்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

பிறகு இங்கே சேர்ந்தேன். முதல் வருஷம் உராய்வுப் பாடம். பிரேக் பிடித்த பின் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று சார் போர்டில் போட்டார். வேகத்தின் வர்க்கத்தை, இரண்டு மடங்கு உராய்வுக் குணகம் பெருக்கல் ஜி ஆல் வகுக்க வேண்டும். வண்டியின் எடை இருபுறமும் அடிபட்டுப் போய்விடுகிறது! காய்ந்த தார் ரோட்டுக்குக் குணகம் 0.7 என்றால் ஐஸுக்கு 0.1 சுமாராக இருக்கும் என்றார் சார், பாடத்தோடு பாடமாக. எனக்குக் கை நின்றுவிட்டது.

ஹாஸ்டலில் ராத்திரி போட்டுப் பார்த்தேன். இருபது கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்டுக்கு 5.56 மீட்டர். காய்ந்த சமதரையில் 2.25 மீட்டரில் நின்றுவிடும். சமதரை ஐஸில் 15.7. நூற்றுக்கு ஐந்து சரிவு என்று வைத்தால் குணகத்தில் பாதியை இறக்கமே தின்றுவிடுகிறது. 31.5 மீட்டர்! மறுநாள் சாரிடம் காட்டினேன். "ஈரம் ஏறிய ஐஸில் குணகம் 0.05க்கும் வரும், அப்போ?" என்றார். போட்டால் கீழே பூஜ்யம். வண்டி நிற்கவே நிற்காது.

வளைவிலிருந்து டேங்கர் எவ்வளவு தூரம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது நினைவிருந்தது: வண்டி நீளம் இரண்டு. அதாவது இருபது மீட்டருக்குள்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு ஊருக்குப் போனேன். அப்பா இப்போது செங்கல் லோடு ஓட்டுகிறார், மாவட்டத்தைத் தாண்டுவதில்லை. நோட்டைக் காட்டிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். கடைசியில் கேட்டார், "செயின் போட்டிருந்தா?"

அடுத்த பக்கத்தில் அதையும் போட்டு வைத்திருந்தேன். டயருக்குச் செயின் மாட்டினால் குணகம் 0.25 என்று வைத்துக்கொண்டால், சுமார் 8 மீட்டர். காட்டக் கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் கேட்டபின் மறைக்க மனசு வரவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

"எட்டு" என்றார். அப்புறம், "சுரங்கத்தத் தாண்டி ரோடு கறுப்பாத் தெரிஞ்சுது. கழட்டிட்டோம்" என்றார். வெறும் தாரில் செயினோடு ஓட்டினால் டயர் கிழியும், செயின் அறும். எல்லா டிரைவரும் கழட்டுவார்கள்தான். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "மன்னிச்சிருங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். "போயி டீத்தூள் வாங்கிட்டு வா" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் மாமாவிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. வந்த பணத்தில் பைபாஸில் டீக்கடை போட்டிருக்கிறார், செயற்கைக் காலோடு பாய்லர் முன்னால் நிற்கிறார். கணக்கைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"செயினக் கழட்டலாம் மாப்ளன்னு சொன்னது நானாக்கும்" என்றார். "உங்கப்பன் அத ஸ்டேஷன்லயும் சொல்லல, கோர்ட்லயும் சொல்லல. என்ற பையங்கிட்டக் கூட சொல்லல. போன வருசம் நாந்தான் அவங்கிட்டச் சொன்னேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, பையன் போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவந்து வாசலிலேயே நின்றது ஏன் என்று.

"இத எழுதலாங்களா மாமா?"

"எழுது. பேரு வேண்டாம்." டீயைக் கையில் கொடுத்தார். "அந்த எட்டு மீட்டரு, அது நீயா வெச்ச கணக்குத்தான? அப்ப சுமாருன்னு போடு. ஓட்டினவன் ஒருத்தன் படிச்சா சிரிக்கக் கூடாது."

சுமாராக எட்டு மீட்டர்.