நின்று பார்க்கும் கடல்

மார்ச் 1, 2025, சனி. ஹில்ஸ்பரோ, ஓரிகன்.

அண்ணன் சம்மதம் சொல்லிவிட்டார். செப்டம்பரில் அவருடைய மோட்டார்ஹோமை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டே நிபந்தனைகள்: திருப்பித் தரும்போது பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், கழிவுத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் எங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறாராம்.

கிளாஸ் ஏ வகை. பஸ் மாதிரி தட்டையான முகப்பு, 34 அடி நீளம். இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று மகள் கேட்டாள். அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு முட்டிவலி, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். சின்ன வேனில் படுக்கையிலிருந்து இறங்கி வெளிக் கழிப்பறைக்குக் குளிரில் நடக்க முடியாது. ஓட்டல் என்றால் கடலோரத்தில் எங்கள் கைக்கு எட்டாத வாடகை, அம்மாவுக்குச் சேராத சாப்பாடு. இந்த வண்டியில் கட்டில் இருக்கிறது, கழிப்பறை நான்கு எட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது.

மொத்தச் செலவு 1,500 டாலரைத் தாண்டக் கூடாது என்று என் கணவரும் நானும் முடிவுசெய்தோம். அந்தத் தொகைக்குள் ஓரிகன் கடற்கரையை அம்மா கண்குளிரப் பார்க்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு.

சேலத்துக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தோம். நம் ஊர் சேலம் இல்லை, ஓரிகன் மாநிலத்தின் தலைநகர் சேலம்.

இவர் அளவு நாடாவைப் பிடிக்க, முன் பம்பரிலிருந்து பின்னால் தொங்கும் ஏணி வரைக்கும் அளந்தோம். காகிதத்தில் 34 என்று இருப்பது நிஜத்தில் 35 அடி 4 அங்குலம். முகாமில் இடம் பிடிக்கும்போது இந்த அளவைத்தான் கொடுக்க வேண்டும். கூரைமேல் இருக்கும் ஏசிப் பெட்டியையும் சேர்த்து உயரம் 12 அடி 6 அங்குலம். அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியாயிற்று. பெட்ரோல் பங்க் கூரையோ தாழ்ந்த மரக்கிளையோ எதிரே வரும்போது ஞாபகத்தை நம்பி ஓட்டக் கூடாது.

பிறகு டயர். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். ஓடாமல் நின்று, வெயிலில் ரப்பர் வெடித்துவிடும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களில் கடைசி நான்கைப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன்: 4721. அதாவது 2021ஆம் ஆண்டின் 47ஆவது வாரம். ஆறு டயர்களும் அதே வாரத்தவை. இன்னும் காலம் இருக்கிறது. ஆறையும் மாற்ற வேண்டி வந்திருந்தால் எங்கள் பட்ஜெட் அங்கேயே தீர்ந்திருக்கும். பழைய வண்டியில் போக நினைக்கிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் அந்த நான்கு எண்ணைப் படியுங்கள்.

மார்ச் 4, செவ்வாய்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு.

இவருக்கு 101ஆம் நெடுஞ்சாலையை வடக்கு முனையிலிருந்து கலிபோர்னியா எல்லை வரை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அஸ்டோரியாவில் தொடங்கி புரூக்கிங்ஸ் வரை போய், கிராண்ட்ஸ் பாஸ் வழியாக ஐ-5இல் ஏறித் திரும்புவது. சேலத்தில் வண்டி எடுத்து சேலத்தில் விடும்வரை கிட்டத்தட்ட 800 மைல். இந்த வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் நல்ல நாள். நூறு கேலன். கேலன் நாலரை டாலர் என்று வைத்தால் 450 டாலர்.

நான் வேறொரு வழி போட்டேன். அஸ்டோரியா பக்கத்தில் தொடங்கி பாதிக் கடற்கரையில் இருக்கும் ஃபுளோரன்ஸோடு நிறுத்திக்கொண்டு, 126ஆம் சாலையில் யூஜீன் வந்து சேலம் திரும்புவது. சுமார் 450 மைல். அங்குமிங்கும் சுற்றுவதையும் சேர்த்து 500. பெட்ரோல் சுமார் 280 டாலரில் முடியும். மிச்சமாகிற 170 டாலரில் கடலோரத்தில் இன்னும் மூன்று நான்கு இரவு தங்கலாம்.

இவர் விட்டுக்கொடுக்கவில்லை. "தெற்கேதான் அழகு. போர்டுமன் பாறைகளை விட்டுட்டுத் திரும்பறதா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். புரூக்கிங்ஸுக்கு வடக்கே சாமுவேல் போர்டுமன் பூங்காவின் 12 மைல் நீளமும் கடலில் நிற்கும் பாறை வளைவுகள். அந்த அழகுக்கு ஈடு சொல்ல என்னால் முடியாது.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, எதுக்கு இந்த ஓட்டம்? வண்டிக்குள்ள உக்காந்து கண்ணாடி வழியா பாக்கவா கடலுக்குப் போறோம்? ஒரு எடத்துல நாலு நாள் இருந்தா கடலு நம்மளத் தேடி வரும்."

தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். அதற்கு மேல் இவர் வாதாடவில்லை. போர்டுமன் இன்னொரு வருடத்துக்கு.

மார்ச் 6, வியாழன்.

வடக்கிலிருந்து தெற்கே போவதென்று முடிவு. வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுகிற நாட்டில் தெற்கே போனால் கடல் நம் பக்கமாகவே வரும். கடலைப் பார்த்து ஒதுங்கி நிற்கும் இடங்களும் வலது கைப்பக்கமே கிடைக்கும். எதிர்வரிசையைக் குறுக்காகக் கடந்து 35 அடியைத் திருப்ப வேண்டியதில்லை. வேனில் காலத்துக் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால் முதுகைத் தள்ளும். சைக்கிளில் போகிறவர்களும் இதற்காகவே தெற்கு நோக்கிப் போகிறார்கள்.

மாதம் செப்டம்பர். முதல் திங்கள் லேபர் டே முடிந்ததும் பள்ளிக்கூடங்களும் திறந்திருக்கும், கூட்டம் கலைந்துவிடும். ஜூலையில் மூடிக்கிடக்கும் கடல்மூட்டமும் அப்போது குறையும். கடலோரத்தில் நல்ல வெயில் கிடைப்பது பள்ளி திறந்த பிறகுதான்.

இந்தக் கடற்கரையில் ஏழையும் பணக்காரரும் சமம் என்பது வெறும் பேச்சில்லை, சட்டம். 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட், ஈர மணலைப் பொதுச் சாலை என்று அறிவிக்கச் செய்து தனியார் கைக்குப் போகாமல் காத்தார். 1966இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் உலர்ந்த மணலில் தடுப்புப் போட்டு, தன் விருந்தாளிகள் மட்டுமே உட்காரலாம் என்றார். மக்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே, டாம் மக்கால் ஆளுநராக இருந்தபோது, செடிகொடி தொடங்கும் கோடு வரைக்கும் மணல் எல்லோருக்கும் என்று சட்டம் வந்தது. ஓரிகன் கடற்கரை முழுவதிலும் எங்கே இறங்கினாலும் அம்மாவை எழுப்பிவிட யாருக்கும் உரிமை கிடையாது. எங்கள் செலவுப் பட்டியலில் கடலுக்கு எதிரே ஒரு காசும் எழுத வேண்டாம். காசெல்லாம் சக்கரம் உருளும்போதுதான் கரைகிறது.

மார்ச் 8, சனி.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் இடம் திறக்கும். செப்டம்பர் 8ஆம் தேதிக்கு இன்று. காலையிலேயே கணினி முன்னால் உட்கார்ந்தோம். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் நான்கு இரவு கிடைத்தது. தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும் உள்ள இடம், நீளம் 50 அடி.

அங்கே மணலில் பீட்டர் ஐரடேல் என்ற பாய்மரக் கப்பலின் இரும்பு எலும்புக்கூடு இருக்கிறது. 1906இல் தரைதட்டியது. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில எட்டுதான், அம்மாவால் போக முடியும். மணலில் உருளும் பருத்த சக்கர நாற்காலிகளை சீசைடு, கேனன் பீச் ஊர்களில் இலவசமாகத் தருகிறார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஓரிகன்வாசிகள் என்பதால் இன்னொரு லாபம். வெளிமாநிலத்தார் இந்தப் பூங்காக்களில் மோட்டார்ஹோம் இடத்துக்குக் கால் பங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும். எங்களுக்கு அது இல்லை.

மார்ச் 9, ஞாயிறு.

ஓட்டிப் பழகும் நாள். அண்ணன், ஆளில்லாத ஒரு பெரிய நிறுத்துமிடத்தில் நான்கு பிளாஸ்டிக் வாளிகளை வைத்து இவரைச் சுற்றவைத்தார். பின்சக்கரத்துக்கு அப்பால் பத்தடிக்கு மேல் உடல் நீண்டிருக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் வாலின் வலப்பக்கம் வெளியே வீசும். பெட்ரோல் பங்க் கம்பத்தில் உரசுவது இப்படித்தான். சக்கரம் வளைவைத் தாண்டிய பிறகே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வெளியே நின்று கை காட்டினேன். எனக்கும் இவருக்கும் இனி மூன்று சைகைகள்தான்: வா, நில், இடம் போதாது. வாய்ச்சொல் கிடையாது, எஞ்சின் சத்தத்தில் "நில்லு" என்பதும் "செல்லு" என்பதும் ஒன்றுபோலக் கேட்கும்.

யாக்குவினா விரிகுடாப் பாலத்தைப் பற்றியும் பேசினோம். 1936இல் பொறியாளர் கான்டி மக்கலா கட்டியது, அத்தனை அழகு. ஆனால் அந்தக் காலத்துக் கார்களுக்குப் போட்ட அகலம். காற்று பலமாக இருந்தால் நியூபோர்ட்டிலேயே காத்திருந்து, அடங்கிய பிறகு கடப்பது.

மார்ச் 12, புதன்.

செப்டம்பர் 12க்கு சவுத் பீச் பூங்கா, நான்கு இரவு. மகளும் மாப்பிள்ளையும் சனி, ஞாயிறு காரில் வந்துவிடுவார்கள். அதனால் வண்டிக்குப் பின்னால் கார் இழுத்துப்போகும் செலவு மிச்சம்.

நியூபோர்ட் துறைமுகத்தில் செப்டம்பரில் மீனவர்கள் படகிலிருந்தே அல்பகோர் சூரை விற்பார்கள். முழு மீனாக வாங்கினால் கடைவிலையைவிட நன்றாகக் குறையும், அங்கேயே துண்டு போட்டும் கொடுப்பார்கள். அம்மாவிடம் சொன்னதும் புளி, மிளகாய்ப்பொடி எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. மாவு மட்டும் இங்கேயே புளிக்கவைத்து எடுத்துப் போக வேண்டும். அந்தக் குளிரில் அங்கே பொங்காது.

இன்று தண்ணீர்க் கணக்கும் போட்டேன். ஒரு கேலன் தண்ணீர் எட்டேகால் பவுண்டுக்குச் சற்று மேல். தொட்டியை நிரப்பிக்கொண்டு மலை ஏறினால் சுமையைத் தூக்கப் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். முகாமில் குழாய் உள்ள இடத்துக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு போதும். குழாயில்லாத இடத்துக்கு மட்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு.

இவருக்கு 62 முடிந்துவிட்டதால் முதியோர் தேசியப் பூங்கா அட்டை வாங்கினோம். 80 டாலர், ஆயுள் முழுவதும் செல்லும். மத்திய அரசின் வன முகாம்களில் பாதி வாடகை. யாக்குவினா முனைக் கலங்கரை விளக்கத்துக்கும், கேப் பெர்பெச்சுவா மலைமுனைக்கும் அதே அட்டைதான் நுழைவுச்சீட்டு.

அதை வைத்து டில்லிகம் பீச்சில் செப்டம்பர் 16, 17 இரண்டு இரவு போட்டோம். வால்ட்போர்ட்டுக்கும் யாஹாட்ஸுக்கும் நடுவில், கடலுக்கு நேர் மேலே. சாக்கடை இணைப்பு இல்லை. அதனால் சவுத் பீச்சை விட்டுக் கிளம்புமுன் கழிவுகளைக் கொட்டும் நிலையத்தில் முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கைத் திறந்துவிட வேண்டும், பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் சேரும் கிரே டேங்க். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால் குழாயைக் கழுவிக்கொண்டே போகும். இதை இவர் செய்வார். கையுறை பெட்டியில் தயார்.

ஜெனரேட்டர் மணிக்கு அரை கேலனுக்கு மேல் குடிக்கும். டில்லிகமில் அதைத் தொடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டி புரொபேனில் ஓடும், விளக்குக்கு பேட்டரி போதும்.

மார்ச் 18, செவ்வாய்.

கடைசி மூன்று இரவு ஃபுளோரன்ஸில், சையூஸ்லா துறைமுக ஆணையம் நடத்தும் முகாமில். ஆற்றங்கரை, பழைய கடைத்தெருவுக்கு மேடுபள்ளமில்லாத நடை.

மொத்தம் பார்த்தோம். பெட்ரோல் 280, தங்க 550, சாப்பாடு 350, புரொபேன் 40, இன்ஷூரன்ஸ் 80, எதிர்பாராத செலவுக்கு 200. ஆக 1,500. அட்டைக்குப் போன 80 இதில் இல்லை, அது இனி வரும் எல்லாப் பயணத்துக்குமானது.

கூட்டிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. பெட்ரோலும் முகாம் வாடகையும் ஆளைப் பார்த்து ஏறுவதில்லை. சாப்பாட்டு மேசையை மடக்கினால் விழும் படுக்கை சும்மாதான் கிடக்கப்போகிறது, சீட் பெல்ட்டும் மிச்சம். சியாட்டிலில் சித்தப்பா போன பிறகு சித்தி வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. அவளும் தூத்துக்குடிக்காரிதான்.

ராத்திரியே போன் செய்தேன். "நான் எதுக்குப் பிள்ள உங்களுக்குப் பாரமா?" என்றாள். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, "பாரமெல்லாம் வண்டி சுமக்கும். நீ வந்து சூரைக் குழம்பு வை" என்றாள். செப்டம்பர் 7ஆம் தேதி ரயிலுக்கு சித்திக்கு டிக்கெட் போடுவது நாளைய வேலை.