ஜெர்மனியில் வீற்றிருக்கும் காமாட்சி

ஆடி வெள்ளிக்கிழமைகளில் காஞ்சி காமாட்சியம்மன் சந்நிதியில் வரிசையில் நிற்கும் பக்தர்களிடையே வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைக் காணலாம். ஐரோப்பியப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஆடி மாதமும் பெரும்பாலும் ஒட்டியே வருகின்றன. காலையில் பத்மாசனத்தில் அமர்ந்து கரும்பு வில் ஏந்திய அம்பாளின் தரிசனம். பிறகு காந்தி சாலையில் பட்டுக் கடை. திருமண வயதில் பெண் இருந்தால் முகூர்த்தப் புடவை எடுக்காமல் ஊர் திரும்புவதில்லை. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களால் நெய்து பிணைக்கும் கோர்வைப் புடவையாக இருந்தால் பாட்டிமார்களுக்குப் பரம திருப்தி.

ஆனால் அவர்களுக்கு ஒரு கெடு உண்டு. பள்ளி திறக்கும் நாளுக்குள் திரும்பியாக வேண்டும். ஜெர்மனியில் பள்ளிக் கல்வி கட்டாயம். அனுமதியின்றி விடுமுறையை நீட்டிக்கும் பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்படும். ஆகவே மடியில் குங்குமப் பொட்டலத்துடன் அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அங்கே அவர்களுக்காக இன்னொரு காமாட்சி காத்திருக்கிறாள்.

டார்ட்மண்ட் நகரத்துக்குக் கிழக்கே உள்ளது ஹாம் என்னும் ஊர். அதன் உவென்ட்ரோப் பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, 17 மீட்டர் உயர இராஜகோபுரத்துடன் நிற்கிறது ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு அகதிகளாக வந்த தமிழர்கள் வெவ்வேறு ஊர்களில் பிரித்துக் குடியமர்த்தப்பட்டார்கள். புகலிட விண்ணப்பம் முடிவாகும்வரை தங்கள் மாவட்ட எல்லையை அனுமதியின்றித் தாண்டக் கூடாது. பத்துப் பேர் கூடிப் பஜனை செய்வதே அரிதாக இருந்த காலம் அது. அந்நிலையில், இலங்கையிலிருந்து வந்த பாஸ்கரக் குருக்கள் 1989-இல் ஹாமில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாளுக்கு வழிபாட்டைத் தொடங்கினார். பிறகு, முன்னர் சலவைக்கூடமாக இருந்த ஒரு கட்டடத்துக்கு அம்பாள் குடிபெயர்ந்தாள். அக்கம்பக்கத்தார் கூட்டத்துக்கும் வாகன நெரிசலுக்கும் முகம் சுளித்ததால், தொழிற்பேட்டையில் இடம் பார்க்க வேண்டியதாயிற்று. 2002 ஜூலையில் இன்றைய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. குளிர் விலகிய கோடைத் தொடக்கத்தில் நடைபெறும் தேர்த் திருவிழாவுக்குப் பல்லாயிரவர் திரள்கிறார்கள். தீர்த்தமாடுவதற்கு அங்குக் காவிரியும் இல்லை, கடலும் இல்லை. ஊரை ஒட்டிச் செல்லும் கப்பல் கால்வாயே தீர்த்தமாகிறது.

அம்பாள் ஊர்விட்டு ஊர் சென்றாளா என்று காஞ்சிவாசிகள் வியக்க மாட்டார்கள். அவர்கள் ஊர்த் தெய்வங்கள் இடம்பெயர்ந்த வரலாறு பழையது. படையெடுப்பு அச்சத்தால் காஞ்சியிலிருந்து வரதராஜப் பெருமாளின் திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1710-இல் திரும்பி எழுந்தருளியது. பொன்னாலான பங்காரு காமாட்சியும் ஊர் ஊராகத் தங்கிச் சென்றாள். அவளுக்குப் பூஜை செய்து உடன் சென்ற குடும்பத்தில்தான், திருவாரூரில் தங்கியிருந்த காலத்தில், 1762-இல் சியாமா சாஸ்திரிகள் பிறந்தார். பெருமாள் காஞ்சிக்குத் திரும்பினார். பங்காரு காமாட்சி திரும்பவில்லை. தஞ்சை மேல வீதியே இன்று அவளுக்குச் சொந்த ஊர். ஹாம் ஆலயத்துக்கு வரும் முதியோரில் பலர் முப்பது ஆண்டுகளுக்கு முன் பெருமாளைப் போலத் திரும்பிவிடலாம் என்று எண்ணியே வந்தவர்கள்.

திரும்பிப் போகாதவர்களின் பேரக்குழந்தைகள் இப்போது ஜெர்மன் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர்கிறார்கள். ஆறு வயதில் சேரும் அந்த நாளில் குழந்தைக்கு ஒரு பெரிய காகிதக் கூம்பு தருவது அந்நாட்டு வழக்கம். இனிப்பும் பென்சிலும் வண்ணக்கோல்களும் அதில் நிறைந்திருக்கும். ஷூல்டூட்டே என்று அதற்குப் பெயர். இத்தகைய கூம்புகள் ஒரு மரத்தில் காய்க்கும், அவை பழுத்துவிட்டால் குழந்தை பள்ளிக்குப் போகும் பருவம் வந்துவிட்டது என்று அந்நாட்டுப் பெரியவர்கள் சொல்வார்களாம். தமிழ்ப் பாட்டிகளும் இப்போது தம் கையால் இந்தக் கூம்பை நிரப்புகிறார்கள். லட்டும் முறுக்கும் உள்ளே போகாமலா இருக்கும்?

புரட்டாசி பிறக்கும்போது அங்கே இலைகள் பழுக்கத் தொடங்கும். பொழுது நாளுக்கு நாள் குறுகும். அக்டோபர் கடைசியில் காலை எட்டு மணிக்குக்கூட இருள் முழுதும் விலகுவதில்லை. அந்த மங்கலில் குழந்தைகள் முதுகுப் பையுடன் பள்ளிக்கு நடக்கிறார்கள். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, சுவாமி விளக்கேற்றுவதும் மதியம் திரும்பும் பேரப்பிள்ளைக்குச் சோறு போடுவதும் பாட்டியின் பொறுப்பு. பாட்டி தமிழில் கேட்பாள். குழந்தை ஜெர்மன் மொழியில் பதில் சொல்லும். இருவருக்கும் புரிகிறது என்றாலும், பாட்டியின் மனத்தில் அது தைக்காமல் இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு, ஓய்வு நாளையும் விட்டுக்கொடுத்துப் பெற்றோர் குழந்தைகளை அழைத்துச் செல்வதன் காரணம் இதுவே.

நவராத்திரி அங்கே இந்த வேளையில்தான் வருகிறது. கொலு வைக்கும் வழக்கம் இலங்கைத் தமிழர் வீடுகளில் அவ்வளவாக இல்லை. கும்பம் வைத்து ஒன்பது இரவும் பூஜை செய்து, அவலும் கடலையும் நிவேதிப்பார்கள். வாணி விழாவில் சிறுமிகள் பட்டுப் பாவாடையுடன் ஆடுகிறார்கள். வெளியே வந்ததும் அதன்மேல் கம்பளிச் சட்டை. நவம்பர் 11-இல் செயின்ட் மார்ட்டின் நாளையொட்டி, தாமே செய்த காகித விளக்குகளை ஏந்திப் பள்ளிக் குழந்தைகள் மாலையில் ஊர்வலம் போவார்கள். அதில் தமிழ்க் குழந்தைகளும் இருப்பார்கள். அண்மையில் வரும் கார்த்திகை தீபத்துக்கு அதே குழந்தைகள் வீட்டு வாசலில் அகல் வைப்பார்கள்.

விஜயதசமி பல ஆண்டுகளில் வேலை நாளில் வந்துவிடுகிறது. அன்று பள்ளிக்கு விடுமுறை கிடையாது. எனவே காலையில் வகுப்பு, மாலையில் வழிபாடு என்றாகிவிடுகிறது. ஏடு தொடக்குதல் என்று இலங்கைத் தமிழர் அழைக்கும் அட்சராப்பியாசத்துக்கு, தட்டில் பச்சரிசி பரப்பி வைத்திருப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறார் குருக்கள். பக்கத்தில் அண்ணனோ அக்காளோ நிற்பதுண்டு; மறுநாள் காலை எட்டு மணி வகுப்புக்கான வீட்டுப்பாடம் அவர்கள் பையில் இருக்கும். பாட்டி தன் காஞ்சிப் பட்டின் தலைப்பால் குழந்தையின் விரலில் ஒட்டிய அரிசியைத் துடைத்துவிட்டு, அடுத்த எழுத்துக்கு அதை நீட்டச் சொல்கிறாள்.