பெரும்பாக்கம் கரையில் நீள லென்ஸ்காரர்கள்

காலை ஆறே கால் மணி. பெரும்பாக்கம் ஏரிக்கரையில் வெளிச்சம் இன்னும் விழவில்லை. ஆனால் அங்கே நிற்பவர்கள் பேசுவதெல்லாம் வெளிச்சத்தைப் பற்றித்தான்.

“ஐஎஸ்ஓ எவ்வளவு வெச்சிருக்கீங்க சார்?”

“ஆறாயிரத்து நானூறு. சூரியன் வர்ற வரைக்கும் வேற வழியில்ல தம்பி.”

கேட்டவர் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர். பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற பொறியாளர். இருவருக்கும் இந்தக் கரையைத் தவிர வேறெங்கும் பழக்கமில்லை. சற்றுத் தள்ளிப் பள்ளி ஆசிரியை ஒருவர், லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமராவுடன் நிற்கிறார். ஏழெட்டுப் பேர் கொண்ட இந்தக் கூட்டத்தில் யாருக்கும் இது சோறு போடும் தொழில் இல்லை. ஆனாலும் பேச்சிலும் பதற்றத்திலும் பொறாமையிலும் தொழில்காரர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியில் ஏரித் தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும்போதுதான் இவர்களுக்குச் சீசன். ஆழம் குறைந்தால் சேறு தெரியும். சேறு தெரிந்தால் உள்ளான்கள் வரும். பெரும்பாக்கமும் அதையடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் தென்சென்னையின் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகும் பாதையில் இருப்பவை. பள்ளிக்கரணைக்கு 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, நடுவில் பூநாரை. இந்தப் பொருத்தமின்மைதான் சென்னைப் பறவைப் படங்களின் அடையாளம். அந்தக் கட்டடங்கள் படச் சட்டகத்துக்குள் வராமல் இருக்க இவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். கட்டடத்தையும் சேர்த்து எடுத்தால்தான் அது உண்மையான பள்ளிக்கரணை என்பது என் கட்சி. கரையில் அதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சூரியன் எழுந்ததும் பேச்சு நின்றது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்தப் பறவை மற்ற மீன்கொத்திகளைப் போலக் கிளையில் உட்கார்ந்து மட்டும் காத்திருப்பதில்லை. இறக்கையை வேகமாக அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் மிதக்கும், அலகைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளும். உடம்பு ஆடினாலும் தலை ஆடாது. பொறியாளர் ஷட்டரை நொடியில் 3,200இல் ஒரு பங்குக்கு ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் இரண்டு கருப்புப் பட்டைகள் தெரிந்தால் ஆண், நடுவில் அறுந்த ஒற்றைப் பட்டை என்றால் பெண். வந்தது ஆண். சட்டென்று இறக்கையை மடக்கித் தலைகுப்புற விழுந்தது. கரை முழுக்கச் சடசடவென்று ஷட்டர் சத்தம். மேலே வந்தபோது அலகில் ஒன்றுமில்லை. கேமராத் திரையைப் பார்த்தவர்களில் பாதிப் பேரிடம் பறவையும் இல்லை, தண்ணீர் தெறிப்பு மட்டும்தான்.

“விழும்போது பின்தொடர்ந்தா கிடைக்காது. மறுபடி எங்க நிக்கும்னு பாத்து, முன்னாடியே அங்க போகஸ் வெச்சிரணும்” என்றார் பொறியாளர். அது ஒரே பகுதியில்தான் திரும்பத் திரும்ப மிதக்கிறது. மூன்று முறை பார்த்தவருக்கு நான்காவது முறை எங்கே என்று தெரிந்துவிடும். பஞ்சுருட்டானும் அப்படித்தான். பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் புறப்பட்ட கம்பிக்கே திரும்பி வந்து உட்காரும். பறவை பழக்கத்துக்கு அடிமை. அந்தப் பழக்கத்தைப் படிப்பதுதான் இந்தக் கைவேலையின் பெரும்பகுதி.

மற்றதைக் கருவி கைப்பற்றிக்கொண்டது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடித்துக்கொள்கின்றன. நொடிக்கு இருபது, முப்பது படங்கள் எடுக்கின்றன. சில கேமராக்கள், பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியில் நடந்ததையும் சேமித்துத் தந்துவிடுகின்றன. ஃபிலிம் சுருளின் முப்பத்தாறு படங்களைக் கஞ்சத்தனமாகச் செலவழித்த தலைமுறைக்கு இது மாயவித்தை. 600 மி.மீ. எஃப்4 லென்ஸ் ஒன்று பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும், எடை மூன்று கிலோ. அதை வாங்கியவர் கரையில் ஒருவர்தான். மற்றவர்கள் 150-600, 200-500 ஜூம்களை வைத்துக்கொண்டு, அவர் லென்ஸைப் பார்க்காததுபோல் பார்க்கிறார்கள்.

ஆனால் கொக்கு விஷயத்தில் எந்தக் கேமராவும் ஏமாறும். இருண்ட தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கை அப்படியே எடுத்தால், கேமரா இருட்டைக் கணக்கில் கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்பாக வெளுத்து, இறகின் கோடுகள் எல்லாம் அழிந்துபோகும். அதனால் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். வெளிறிய வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு நேர்மாறாக ஏற்ற வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெப்பத்தில் காற்று நெளியத் தொடங்கும். பத்து லட்சம் ரூபாய் லென்ஸிலும் அந்த நெளிவு அப்படியே பதியும். அதற்கு ஒரே மருந்து பறவைக்குப் பக்கத்தில் இருப்பதுதான். அங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் வீச்சு வலையோடு ஒரு மீனவர் நடந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் இளைஞருக்கு எரிச்சல். “பிரேமுக்குள்ள வர்றாரு பாருங்க.” ஆனால் அந்த மனிதருக்குச் சில கஜம் தள்ளிக் கூழைக்கடாக்கள் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து ஒருவர் நாலடி இறங்கினால் எழும்பும் பறவை, தினமும் வரும் வலைக்காரரைப் பொருட்படுத்தவில்லை. பிறகு கரையேறிய அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது அறுபது இருக்கும்.

“நீங்க எல்லாம் நேரா அதைப் பாத்துக்கிட்டே நடக்குறீங்க. அது பயப்படாம என்ன செய்யும்?” என்றார். நேராகப் போகக்கூடாது, சாய்வாகப் போக வேண்டும், நின்று நின்று போக வேண்டும், அதன் முகத்தைப் பார்க்காமல் வேறு வேலை இருப்பவர் மாதிரி போக வேண்டும். பயிற்சி முகாம்களில் பணம் கட்டிக் கற்பதும் இதைத்தான். இன்னொன்றும் சொன்னார். “கடா பெரிய உடம்பு. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ அந்தப் பக்கம் மூஞ்சிய வெச்சுத்தான் ஓடி எழும்பும். காத்து முதுகுல படுற மாதிரி நீங்க நின்னா, உங்களப் பாத்துத்தான் வரும்.” பொறியாளர் உடனே இருபது அடி நகர்ந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் கூழைக்கடா ஒன்று தண்ணீரை இரு கால்களாலும் மிதித்து ஓடி எழும்பி, மேலலகின் புள்ளிகள் தெரிய அவர் பக்கமே வந்தது. அன்றைக்குக் கரையில் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நம்மூரில் இந்தக் கலைக்கு முன்னோடி என்று யாரைக் கேட்டாலும் மா. கிருஷ்ணன் பெயரைத்தான் சொல்வார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். வண்ணப்படம் மலிந்த பிறகும் கருப்பு வெள்ளையை விடவில்லை. பல கருவிகளின் பாகங்களைக் கோத்து அவரே உருவாக்கிய கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். தானாகக் கண்ணைத் தேடும் வசதி எதுவும் அதில் இல்லை. அவருக்கு இருந்தது விலங்குகளையும் பறவைகளையும் பற்றிய அறிவு. ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் சாகும்வரை அவர் எழுதிய பத்திகளும் அந்த அறிவிலிருந்து வந்தவைதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள். 1892இல் அவர்கள் எடுத்த, முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டின் படத்தோடுதான் இந்தக் கலை தொடங்கியதாகச் சொல்வார்கள். பறவை மிரளாமல் இருக்க, உள்ளே குடைந்த பாடம் செய்த மாட்டுக்குள் கேமராவோடு ஒளிந்து நின்றவர்கள் அவர்கள். அதே இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்க மறைவிடம் கட்டி, இருட்டில் அங்கே திரும்பியபோது தாய் ஆந்தை அவர் முகத்தில் பாய்ந்தது. இடது கண் போயிற்று. அதற்குப் பிறகும் ஒற்றைக் கண்ணோடு பல்லாண்டு பறவைகளைப் படமெடுத்தார்.

ஆக, கூட்டில் பிறந்த கலை இது. இன்று கூட்டுப்படம் போட்டால் பல பறவை ஆர்வலர் குழுக்களில் நீக்கிவிடுகிறார்கள். காரணம் தெளிவானது. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைப்பதே கூட்டை மறைக்கத்தான். படம் துலக்கமாக வர வேண்டும் என்று முன்னால் உள்ள இரண்டு இலைகளை ஒதுக்கிக் கட்டினால், மறுநாள் காக்கைக்கும் அதே துலக்கம் கிடைக்கிறது. ஆள் நிற்பதால் தாய்ப்பறவை அரை மணி நேரம் வராவிட்டால், வெயிலில் குஞ்சுகள் வதங்கிவிடும். இதைச் செய்பவர்கள் கொடியவர்கள் இல்லை, ஒரு படம் கூடுதலாக வேண்டும் என்று நினைப்பவர்கள். அன்று கரையிலும் ஒருவர் கைபேசியில் கானாங்கோழியின் குரலை ஒலிக்கவிட்டார். கோரைக்குள் இருக்கும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று நினைத்து வெளியே வரும், வந்து வீணாக அலையும். ஆசிரியைதான் குரல் கொடுத்தார். “தம்பி, அத நிறுத்துங்க.” நிறுத்திவிட்டார், முகம் சுருங்கியது.

கரைக்காரர்கள் வீடு திரும்பியதும் இன்னொரு வேலை தொடங்குகிறது. ஒரு காலையில் ஆயிரம், இரண்டாயிரம் படங்கள் சேர்ந்துவிடும். அவற்றில் பத்தைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, புள்ளி இரைச்சலை நீக்கி, வெளியிட மதியம் ஆகிவிடும். மிச்சம் ஹார்டு டிஸ்கில் தூங்கும். எனக்கு உறுத்துவது இந்தத் தூக்கம்தான். அழகாக வராததால் ஒதுக்கிய படத்தில்தான் பல நேரம் செய்தி இருக்கிறது. மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் கர்நாடக ஏரிகளுக்கு வருவது, பட்டையிலுள்ள எழுத்துகளைப் படமெடுத்தவர்களால்தான் தெரிந்தது. அந்தப் படங்களை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

ஆசிரியையின் முறை வேறு. அவருடைய படங்கள் கரையில் யாருடையதோடும் போட்டி போட முடியாதவை. தூரத்துப் பறவை என்றால் கலங்கிய நீர்வண்ணம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பறவை எத்தனை என்று ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் போட்டு, சந்தேகம் வரும் பறவைக்குச் சான்றாகப் படத்தையும் இணைத்துவிடுகிறார். அன்று நெடுங்கால் உள்ளான் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. ஏரியே எழும்பியது. மற்றவர்கள் பருந்தைத் துரத்திப் படமெடுக்க, அவர் “ச்சே, முதல்லேர்ந்து எண்ணணும்” என்று நோட்டைப் புரட்டினார்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் எண்ணிப் பதிந்தால் போதும். ஊரும் கேமராவும் எதுவாக இருந்தாலும் சரி, வீட்டு மொட்டைமாடியாக இருந்தாலும் சரி. கையில் லென்ஸ் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டுப்படங்களை வெளியிடாதீர்கள், எடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. மற்ற படங்களை, மங்கியவற்றையும் சேர்த்து, தேதியும் இடமும் குறித்து ஈபேர்டில் ஏற்றிவிடுங்கள்.