பொன்முடி மலைப்பாதையும் குதிரைச் சக்தியும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பொன்முடியைக் காணாதவை மிகச் சிலவே இருக்கும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதல் நாள் பத்மநாப சுவாமி தரிசனம், மறுநாள் கோவளம், அதற்கு மறுநாள் பொன்முடி என்பது நம்மிடையே எழுதாத சட்டமாகிவிட்டது. பெயருக்கு உரை தேவையில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அது ஒரே பொருளைத்தான் தருகிறது. மாலை வெயில் புல்மேடுகளின் மீது சாயும் நேரத்தில் நின்று பார்த்தவருக்கு அப்பெயரின் பொருத்தமும் விளங்கிவிடும்.

நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர். கல்லாறு வரையில் ரப்பர் தோட்டங்களும் சிற்றூர்களும் கொண்ட சாதாரணச் சாலைதான். ஆற்றைக் கடந்தபின்பே மலை தன் முகத்தைக் காட்டுகிறது. அங்கிருந்து உச்சிவரை 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த பலகை உண்டு. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள சிகரத்தை அடையும்போது காற்று குளிர்ந்து, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, மூடுபனி நம்மைத் தொட்டுச் செல்கிறது. பொதிகை என்று நாம் போற்றும் அகத்தியமலையும் இதே தொடரைச் சேர்ந்ததே. அதன் மறுபுறம் தாமிரபரணி பிறக்கிறது என்று நினைக்கும்போது, நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு இம்மலை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இம்மலையின் அழகைப் பற்றி நம் மாத இதழில் முன்னரும் அன்பர்கள் எழுதியிருக்கலாம். நாம் இங்கே கூற விரும்புவது அதன் பாதையைப் பற்றியது. அண்மைக் காலத்தில் நம் இளைஞர்கள் பலர் பொன்முடிக்குச் செல்வது காட்சிக்காக மட்டுமன்று, காரைச் சோதிப்பதற்காகவும்தான். சிறிய காரில் வலுவான எஞ்சினைப் பொருத்தியதை ‘ஹாட் ஹேட்ச்’ என்கிறார்கள். 1976-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி 110 குதிரைச் சக்தியுடன் விற்பனைக்குக் கொணர்ந்த கோல்ஃப் ஜி.டி.ஐ. காரே இவ்வகைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. முதலில் 5,000 கார்கள் மட்டுமே செய்யத் திட்டமிட்டார்களாம். முதல் தலைமுறையில் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. நம் நாட்டில் 2013-இல் வந்த போலோ ஜி.டி. என்னும் 105 குதிரைச் சக்திக் கார், நடுத்தரக் குடும்பத்து இளைஞரின் கனவாக விளங்கியது. 2022-இல் இந்தியாவில் போலோவின் தயாரிப்பு நின்றது. இன்று அதை வைத்திருப்போர் பலருக்கு, அடுத்து இதைவிட வலிமையானதொன்றை வாங்க வேண்டும் என்ற ஆவல் எழுகின்றது.

எமது அலுவலக நண்பர் ஒருவர் அத்தகையவர். அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர். பழைய போலோ ஜி.டி.யை விற்றுவிட்டு, 2017-இல் வெளிவந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரைப் பழையதாக வாங்க எண்ணினார். அது 230 குதிரைச் சக்தி கொண்டது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, போலோவுக்குப் பத்து விநாடிக்குச் சற்றுக் குறைவாகவும், ஆக்டேவியாவுக்கு ஏழு விநாடிக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகுமெனக் கம்பெனிகள் கூறுகின்றன. புதிய கார் நமக்கு எட்டாது. 2025-இல் வந்த 265 குதிரைச் சக்தி ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் விலை ஏறத்தாழ ஐம்பது லட்சம் ரூபாய். இந்தியாவுக்கென வந்தவையே நூறு கார்கள்தாம். ஆகவே பழைய காரை நாடினார். அதற்கென அவர் எடுக்கவிருந்த தொகையோ, ஊரிலுள்ள பூர்வீக வீட்டின் கூரையை மாற்றுவதற்காக நான்காண்டுகளாகச் சேர்த்தது. பற்றாக்குறைக்குக் கூட்டுறவுக் கடன் இருக்கிறது என்றார்.

வீட்டில் இது பெரும் விவாதமாயிற்று. துணைவியார் வேண்டாமென்று சொல்லவில்லை. “பொன்முடிக்குத்தானே இத்தனை வேகம் வேண்டும் என்கிறீர்கள்? அங்கேயே ஒருமுறை பார்த்துவிடுவோம். அண்ணனையும் கூட்டிக்கொள்ளுங்கள், கணக்கு எழுத ஆள் வேண்டாமா?” என்றார். அண்ணன் என்றது எம்மைத்தான். நண்பரின் தந்தையாரையும் முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தப் போலோவிலேயே புறப்பட்டோம்.

கல்லாறு தாண்டியதும் நாம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தோம். ரயில்வேயில் எழுத்தராக இருப்பவனுக்கு எதையும் பத்தி பிரித்து எழுதாவிடில் மனம் ஆறாது. முதல் நான்கு வளைவுகளில் கார் மூன்றாம் கியரைத் தாண்டவில்லை. ஐந்தாம் வளைவில் அரசு பஸ் ஒன்றின் பின்னே சேர்ந்தோம். பன்னிரண்டாம் வளைவில் அதன் ஓட்டுநர் பரிவோடு ஒதுங்கி வழிவிடும்வரை அதன் பின்னாலேயே சென்றோம். அதன்பின் தூறல் பிடித்துக்கொண்டது. பதினெட்டாம் வளைவுக்கு மேல் மூடுபனி. முன்விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஊர்ந்தோம். வழி நெடுகிலும் நண்பர் எஞ்சினின் முழு வலுவைக் கேட்ட இடங்கள் மூன்றே மூன்று. ஒவ்வொன்றும் சில விநாடிகளே நீடித்தது.

இது ஏன் இப்படி என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு பேருடன் 1,400 கிலோ எடையுள்ள கார், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத் தேவைப்படுவது சுமார் 20 குதிரைச் சக்தி மட்டுமே. மீதியெல்லாம் வேகத்தைக் கூட்டுவதற்குத்தான் பயன்படும். கூட்டிய வேகத்தையோ அடுத்த வளைவு உடனே திருப்பிக் கேட்கிறது. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவொன்றில், உலர்ந்த தரையில் நல்ல டயருள்ள கார் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். நனைந்த தரையில் அது 25-க்கு இறங்கிவிடும். இக்கணக்கில் டயரின் பிடிப்பும் வளைவின் ஆரமும் வருகின்றனவேயன்றி, எஞ்சினின் சக்தி வரவே இல்லை. 105 ஆனாலும் 230 ஆனாலும் வளைவு ஒரே விடையைத்தான் தருகிறது.

மற்றொன்றும் உண்டு. இவ்விரு கார்களிலும் எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்குகிறது. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. ஈரமான வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உட்புறச் சக்கரம் வெறுமனே சுழலும். உடனே மின்னணுக் காவலன் எஞ்சினை அடக்கிவிடுவான். விலை கொடுத்து வாங்கிய குதிரைகளை அங்கே லாயத்தில் கட்டிவைக்க வேண்டியதுதான். ரயில் எஞ்சினிலும் இதே கதைதான். சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவிப் பிடிப்பு உண்டாக்குவார்கள். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில், ஆயிரக்கணக்கான குதிரைச் சக்தி கொண்ட எஞ்சின் முன்னே இழுக்க, துணை எஞ்சின் பின்னே தள்ள, வண்டி மெதுவாகத்தான் செல்கிறது. அங்கே வேகத்தை விதிப்பது எஞ்சினன்று, வளைவும் சரிவும்தான்.

இறங்கும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. 1,400 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அவ்வளவு வெப்பத்தையும் நான்கு சக்கரத்துப் பிரேக்குகளே தாங்க வேண்டும். பிரேக் எண்ணெய் பழையதாயிருந்தால் கொதித்து, மிதி பஞ்சுபோல் உள்ளே செல்லும். எனவே எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வெறும் வாய்மொழியன்று. ஆக்டேவியா போலோவைவிடச் சில நூறு கிலோ கனமானது. அதற்கேற்பப் பெரிய பிரேக்குகளும் அதில் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அவ்வாறாயின் வலிமையான காரால் பயனே இல்லையா? உண்டு. நாகர்கோவிலைத் தாண்டி நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது எதிர்ப்புறத்தில் நிற்கும் விநாடிகள் குறைகின்றன. அகலமான டயர், உறுதியான உடல், விசாலமான பின்னிருக்கை ஆகியவை நெடும் பயணத்தில் சுகம் தருவன. வேகத்தின் இன்பமும் பொய்யன்று. ஆனால் அதற்கு உரிய இடம் பந்தயத் தளம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் தளங்கள் இருக்கின்றன. பின்னது, இந்தியப் பந்தயக் கார்த் துறைக்கு உழைத்து 1995-இல் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்குவது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரரே. அங்கே எதிரே பள்ளிச் சிறுவரை ஏற்றிய ஜீப் வராது.

பொன்முடியில் போட்டியே நடந்ததில்லை என்றும் எண்ண வேண்டாம். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி இங்கேதான் நடைபெற்றது. பல நாட்டு வீரர்கள் வந்து, ஒரு குதிரைச் சக்திக்கும் குறைந்த தங்கள் கால்வலிமையைக்கொண்டு இம்மலைச் சரிவுகளில் திறமை காட்டினார்கள்.

உச்சியில் தேநீர் அருந்தும்போது நாம் புத்தகத்தை நண்பரிடம் நீட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். பெரியவர் குறுக்கிட்டு, “தம்பி, எந்த வண்டி வாங்கினாலும் சரி. எனக்கு முழங்கால் மடங்கவில்லை. ஏறி இறங்கத் தோதாக இருக்கட்டும்” என்றார். ஆக்டேவியாவும் தாழ்ந்த கார்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அதுவரை குதிரைச் சக்தியைப் பற்றிப் பேசினோமே தவிர, இருக்கையின் உயரத்தை யாரும் அளக்கவில்லை.

அவர் ஆக்டேவியாவை வாங்கவில்லை. நான்கு புதிய டயர், புதிய பிரேக் எண்ணெய், கோவைத் தளத்தில் ஒருநாள் பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிடுவதென்றும், அடுத்த மழைக்குள் கூரையை முடிப்பதென்றும் தீர்மானித்தார். இரண்டாண்டு கழித்தும் ஆவல் மாறாதிருந்தால் வாங்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. அவர் முகத்தில் சிறிது வருத்தம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கார் மாற்ற எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். எஞ்சின் 1,500 சி.சி.யைத் தாண்டினால், 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 3,416 ரூபாயிலிருந்து 7,897 ரூபாயாக உயரும். தமிழகப் பதிவெண் கொண்ட காரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். இடமாற்றத்துக்குரிய மத்திய அரசு ஊழியர்கள், 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

பொன்முடிக்குச் செல்வோர் காலையிலேயே புறப்படுக. துலாமழைக் காலத்தில் பிற்பகல் மழை பெரும்பாலும் தவறாது. 2022-இல் பெருமழையால் சாலையின் ஒரு பகுதி இடிந்து, நெடுநாள் போக்குவரத்து நின்றதுண்டு. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என விசாரித்துச் செல்க. குறுகலான சரிவில் மேலே ஏறும் வண்டிக்கே முதலுரிமை என்பது விதி. இறங்குவோர் நின்று வழிவிடுக. கார் இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. தம்பானூரிலிருந்து அரசு பஸ் செல்கிறது. அதில் சன்னலோர இருக்கை கிடைத்தால் 22 வளைவுகளையும் கணக்கெடுத்துக்கொண்டே போகலாம்.