பனியும் விசிறியும்

ஜவ்வாது மலை. ஜனவரி. இரவு பதினொன்றரை.

பாறை மேல் தார்ப்பாய். சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. மழை பெய்யவில்லை.

நடுவில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. ஒட்டுப்பலகைப் பெட்டியில் சாய்ந்து நிற்கும் நீளக் குழாய். அடியில், பெரிய கண்ணாடிக்குப் பின்னால், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி. திருகு இல்லை. நான்கு மூலையிலும் ரப்பர் பேண்ட். திருகினால் அதிர்வு ஏறும்; நட்சத்திரம் நடுங்கும்.

ஆறரை மணியிலிருந்து விசிறி ஓடுகிறது. கார் டிக்கியில் வெந்து வந்த கண்ணாடி. அதன் சூடு அடங்கும்வரை வியாழன் தோசைக்கல் ஆவிக்குப் பின்னால் தெரிவதுபோல் நெளிந்தது. இப்போது உருண்டை. குறுக்கே இரண்டு பட்டைகள்.

வரிசையில் ஏழு பேர். கைகள் அக்குளில்.

"மங்கலாயிடுச்சு சார்." பையன் ஐபீஸிலிருந்து தலையை எடுக்கிறான்.

சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் குழாயின் வாய்க்குள் போகிறது. ஆழத்தில் பெரிய கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. வாயருகே சாய்ந்து நிற்கும் சின்னக் கண்ணாடி பூத்திருக்கிறது. அதன் முதுகு வானத்துக்குத் திறந்து கிடக்கிறது. சூடு அந்த வழியே போய்விடுகிறது. கண்ணாடி காற்றைவிடக் குளிர்கிறது. ஈரம் வந்து உட்காருகிறது.

பையன் கைக்குட்டையை எடுக்கிறான்.

"தொடாத!"

அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கைக்குட்டை பைக்குத் திரும்புகிறது.

டிக்கியிலிருந்து ஹேர் டிரையர் வருகிறது. கொண்டுவருபவர் தலை முழு வழுக்கை. யாரும் சிரிக்கவில்லை.

பூத்த பனி ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருங்கி மறைகிறது. வியாழன் திரும்புகிறது. மறுபடி நெளிகிறது.

"சூடு. அஞ்சு நிமிஷம் இருங்க."

வரிசை இருக்கிறது. ஃபிளாஸ்க் கைமாறுகிறது.

"விசிறிதானே சார் ஈரக் காத்தை இழுக்குது? நிறுத்திடவா?"

"காத்து ஓடுற வரைக்கும் மிரர் காத்தோட சூட்டுலயே இருக்கும். நின்னாதான் அதைவிடக் குளிரும். குளிர்ந்தா பூக்கும்." குமிழைப் பாதிக்குத் திருப்புகிறார். உறுமல் முனகலாகிறது.

சின்னக் கண்ணாடியின் முதுகில் ரெசிஸ்டர் வளையம். ஒரு வயர் விட்டிருக்கிறது. பல்லால் உரித்து முறுக்குகிறார். தொட்டால் வெதுவெதுப்பு தெரியாது. காற்றைவிட ஓரிரு டிகிரி ஏறினால் போதும். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கொதிக்கும்.

இதே மலைத்தொடரில்தான் காவலூர். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, 1986 முதல். அங்கே ஈரம் ஏறினால் கூரையை மூடுவார்கள். இங்கே கூரை இல்லை.

அவருடைய மூக்குக்கண்ணாடி பூக்கிறது. கழற்றி, சட்டை நுனியால் அழுத்தித் துடைத்து மாட்டிக்கொள்கிறார்.

"வாங்க."

முதல் ஆள் குனிகிறார். வாயைத் திறந்து வியக்கிறார். ஐபீஸ் அவர் மூச்சில் பூக்கிறது. அதற்கு வயரும் இல்லை, விசிறியும் இல்லை.